கொழுப்பு கரைந்துபோகும் நோய்: லெப்டின் ஊசியா, பழைய மருந்துகளே போதுமா?

தொடையின் முன்பக்கத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலானோருக்குத் தோலோடு மெத்தென்று ஒரு மடிப்பும் சேர்ந்து எழும்பும். உடம்பின் கொழுப்புத் திசு இல்லாமலோ கரைந்தோ போகும் லிப்போடிஸ்ட்ரோபி என்ற நோய் உள்ளவருக்குத் தோல் மட்டும்தான் எழும்பும். அதற்கு அடியில் நேராகத் தசை. இந்த மடிப்பை இடுக்கி போன்ற ஒரு கருவியால் அளப்பார்கள். பெண்ணுக்கு 22 மில்லிமீட்டரையும் ஆணுக்கு 10 மில்லிமீட்டரையும் தாண்டாவிட்டால் இந்த நோயைச் சந்தேகிக்கலாம் என்கிறது, 2016இல் பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட சிகிச்சை நெறிமுறை.

பார்ப்பவர்களோ, "என்ன சாப்பிட்டாலும் ஒட்டாத உடம்பு, கொடுத்து வைத்தவர்" என்பார்கள். கையிலும் காலிலும் தசை திரண்டு, ரத்தக் குழாய்கள் கயிறு போலப் புடைத்து நிற்பதைப் பார்த்து, உடற்பயிற்சி செய்து வளர்த்த உடம்பு என்றும் நினைப்பார்கள். அவரிடம் ரத்தம் எடுத்துக் குழாயில் நிற்க வைத்தால், மேலே தெளியும் நீர் சில சமயம் பால் போல வெளுத்திருக்கும். உடம்பில் இருக்க வேண்டிய கொழுப்பு ரத்தத்தில் மிதக்கிறது என்று அர்த்தம்.

கொழுப்புத் திசு உடம்பின் கிடங்கு. கிடங்கு இல்லாத வீட்டில் மூட்டைகளைக் கூடத்திலும் படுக்கையறையிலும் அடுக்கி வைப்பதுபோல, போக இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்த் தேங்குகிறது. கல்லீரல் வீங்குகிறது, இன்சுலின் சுரந்தும் வேலை செய்வதில்லை, சர்க்கரை ஏறுகிறது, ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு எல்லை மீறி ஏறினால் கணையம் அழன்றுபோகிறது. இதோடு இன்னொன்றும் போய்விடுகிறது. கொழுப்பு அணுக்கள்தான் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, "போதும், இருப்பு இருக்கிறது" என்று மூளைக்குச் சொல்கின்றன. அந்த அணுக்கள் இல்லையென்றால் தகவலும் இல்லை. வயிறு நிறைந்திருக்கும்போதே பசிக்கும், நடுராத்திரியில் எழுப்பும் பசி. இதை ஆசை என்றோ கட்டுப்பாடில்லாமை என்றோ திட்டுகிறவர்களுக்கு இது ஹார்மோன் குறைபாடு என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் வருகிறது: "லெப்டின் ஊசி இருக்கிறதாமே, அதைக் கேட்கலாமா? இல்லை இருக்கிற சர்க்கரை மாத்திரையையும் கொழுப்பு மாத்திரையையும் வைத்தே ஓட்டலாமா?" பதில் எல்லோருக்கும் ஒன்றல்ல. எந்த வகை என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

உடம்பு முழுக்கக் கொழுப்பு இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். பிரேசிலில் பெரார்டினெல்லி 1954இலும் நார்வேயில் சைப் 1959இலும் விவரித்த வகை அது; பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால் வருவது. நன்றாக இருந்த குழந்தைக்கோ பெரியவருக்கோ பின்னால் உடம்பு முழுக்கக் கொழுப்பு கரைவது இரண்டாவது வகை. பல சமயம் உடம்பின் எதிர்ப்பாற்றலே தன் கொழுப்பைத் தாக்குவதால் வருவது. மூன்றாவது குடும்பவழிப் பகுதி வகை. இதில் அதிகம் காணப்படும் டன்னிகன் வகையில் பருவம் வரும்வரை குழந்தை எல்லாரையும் போலவே இருக்கும், அப்புறம் கை, கால், இடுப்பில் கொழுப்பு கரைந்து முகத்திலும் கழுத்திலும் சேரும். வட்ட முகத்தைப் பார்த்துவிட்டு, கார்ட்டிசால் ஹார்மோன் மிகுவதால் வரும் குஷிங் நோய் என்று தவறாக எண்ணப்படுபவர்கள் இவர்கள்தான். நான்காவது பாரக்கர்-சைமன்ஸ் வகை: முகத்தில் தொடங்கி மேலிருந்து கீழாகக் கரையும், இடுப்புக்குக் கீழே தங்கிவிடும். இதில் சர்க்கரைத் தொல்லை குறைவு, சிறுநீரகத்தைத்தான் கவனிக்க வேண்டும். இவை போக, எச்.ஐ.வி.க்கான பழைய மருந்துகளால் வருவது தனி. அதைப் பிறகு பார்ப்போம்.

பழைய மருந்துகள் எங்கே கை கொடுக்கும்

உணவை நான் ஒரு "தேர்வாக" வைக்கவில்லை. எந்த வழியில் போனாலும் அது கூடவே வரும். நெறிமுறை சொல்லும் கணக்கு: ஒரு நாள் சக்தியில் 50 முதல் 60 விழுக்காடு மாவுச்சத்து, 20 முதல் 30 விழுக்காடு கொழுப்பு, சுமார் 20 விழுக்காடு புரதம். மாவுச்சத்தை அடியோடு வெட்டிக் கொழுப்பைக் கூட்டும் எடைக்குறைப்பு முறைகள் இந்த நோய்க்குப் பொருந்தா. தேக்கி வைக்க இடமில்லாதவரிடம் மேலும் சரக்கை இறக்கும் வேலை அது. உடற்பயிற்சி நல்லது, ஆனால் இதயத் தசை பாதிப்பு உள்ளவர் கடுமையான பயிற்சி செய்யக் கூடாது. கல்லீரலும் மண்ணீரலும் பெரிதாக வீங்கியவர் மோதல் வரும் விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும்.

மருந்துகளில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைதான் வழக்கமான தொடக்கம். பல ஆண்டு அனுபவம் உள்ள மருந்து, ஒழுங்கற்ற மாதவிலக்குக்கும் ஓரளவு உதவும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும்வரை அதை எதிர்க்க எனக்குக் காரணம் இல்லை.

பயோகிளிட்டசோன் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையின் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. அது கொழுப்பு அணுவுக்குள் வேலை செய்து, கொழுப்பை அங்கேயே பிடித்து வைக்கச் சொல்லும் மருந்து. அணுக்கள் மிச்சமிருக்கும் பகுதி வகையில் இன்சுலின் வேலை செய்வதும், கல்லீரல் கொழுப்பும் இதனால் மேம்படக்கூடும். உடம்பு முழுக்கக் கொழுப்பில்லாதவரிடம் அதற்கு வேலை செய்ய இடமே குறைவு. பகுதி வகையிலும் விலை இல்லாமல் இல்லை: ஏற்கெனவே கொழுப்பு சேரும் முகமும் கழுத்தும் இன்னும் பெருக்கலாம், உடம்பில் நீர் கோக்கும், எலும்பு முறிவு வாய்ப்பு கூடும். டன்னிகன் வகைக்குக் காரணமான எல்எம்என்ஏ மரபணுப் பழுது சிலருக்கு இதயத் துடிப்பையும் இதயத் தசையையும் கெடுக்கிறது. நீர் கோக்க வைக்கும் மருந்தை அப்படிப்பட்டவருக்குக் கொடுக்கும்முன் ஈசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். மருத்துவர் மறந்தால் நீங்கள் கேளுங்கள்.

இன்சுலின் கடைசியில் பலருக்கும் தேவைப்படும். ஆனால் அளவு சாதாரண நீரிழிவைப் போல இருக்காது. நாளுக்கு நூற்றுக்கணக்கான யூனிட் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் வழக்கமானதைவிட ஐந்து மடங்கு செறிவான இன்சுலின் இவர்களுக்குப் பயன்படுகிறது. இன்னொரு சிக்கல், எங்கே குத்துவது? தோலுக்கடியில் கொழுப்பே இல்லாத இடத்தில் குத்தினால் நீண்டநேர இன்சுலின் வழக்கமான வேகத்தில் உறிஞ்சப்படாமல் போகலாம். பகுதி வகை உள்ளவர் கொழுப்பு மிஞ்சியிருக்கும் இடமாகப் பார்த்துக் குத்துவது நல்லது.

பசியைக் குறைக்கும் ஜிஎல்பி-1 வகை ஊசிகளைப் பகுதி வகையில் பயன்படுத்துவது கூடிவருகிறது. ஆதரவாக இருப்பவை சிறு ஆய்வுகளே. ஏற்கெனவே கணைய அழற்சி வந்தவர் மிகவும் யோசித்துத்தான் தொட வேண்டும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளில் கீட்டோன் கூடி ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு.

ட்ரைகிளிசரைடு ஒரு டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் ஃபைப்ரேட், ஒமேகா-3. கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின். பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது: ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ட்ரைகிளிசரைடை ஏற்றிவிடும். இந்த நோயில் அதை வாயால் எடுக்கவே கூடாது. மாதவிலக்கை ஒழுங்காக்க என்று சொல்லி எழுதிக் கொடுக்கப்படும் மாத்திரையும் பல சமயம் அதே மாத்திரைதான்.

லெப்டின் ஊசி எங்கே வேறாகிறது

மேலே சொன்ன எல்லாமே விளைவுகளைப் பிடிக்கும் மருந்துகள். சர்க்கரைக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. லெப்டின் ஊசியாக வரும் மெட்ரலெப்டின் என்ற மருந்தோ, இழந்த ஹார்மோனையே திருப்பிக் கொடுக்கிறது. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வுக்குழு லெப்டினைக் கண்டுபிடித்தபோது உடல்பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று உலகம் குதித்தது. பருமனானவர்களிடம் அது பெரிதாக வேலை செய்யவில்லை, ஏனென்றால் அவர்களிடம் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருந்தது. லெப்டின் இல்லாதவர்களிடம்தான் அது தன்னை நிரூபித்தது. 2002இல் வெளிவந்த ஆய்வில் ஒன்பது பெண்கள். நான்கு மாதத்தில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி 1.9 புள்ளி இறங்கியது, ட்ரைகிளிசரைடு 60 விழுக்காடு குறைந்தது, வீங்கிய கல்லீரலும் சுருங்கியது. சர்க்கரை மருந்துகளை நிறுத்தவோ வெகுவாகக் குறைக்கவோ முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பசி அடங்குகிறது. ஒரு வேளை உணவைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போக முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எப்போதும் பசித்துக்கொண்டே இருந்தவருக்குத்தான் தெரியும்.

தினம் ஒரு ஊசி, முடிந்தவரை ஒரே நேரத்தில். மருந்து பொடியாகக் குப்பியில் வரும். அளந்த நீரைக் குப்பியின் சுவரோரமாக மெல்ல இறக்கி, குப்பியை வட்டமாகச் சுழற்றித்தான் கரைக்க வேண்டும். குலுக்கினால் புரதம் கெட்டு நுரைக்கும். தெளிந்த பிறகுதான் ஊசியில் இழுக்க வேண்டும். மனிதருக்கு மனிதர் அளவு மாறும்: 40 கிலோவுக்கு மேல் உள்ள பெண் 5 மில்லிகிராமில் தொடங்குவார், ஆண் 2.5இல். 40 கிலோவும் அதற்குக் கீழும் என்றால் கிலோவுக்கு 0.06 மில்லிகிராம். சொல்லும்போது எளிதாகத் தெரிகிறது. காலமெல்லாம் தினமும், அதுவும் குழந்தைக்குப் போடுவது என்றால் வீட்டில் ஒருவருடைய கை இந்த வேலைக்கே பழகிவிட வேண்டும்.

ஆபத்துகளை மறைத்து இந்த மருந்தைப் புகழக் கூடாது. உடம்பு மருந்துக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்கலாம். அவை மருந்தை முடக்குவதோடு, கடுமையான நோய்த்தொற்றுக்கும் வழிவிடலாம். பின்னாளில் கொழுப்பை இழந்தவர்களில் சிலருக்கு டி-செல் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்திருக்கிறது. ஊசி போடாமலே அந்த வகை நோயாளிகளுக்கு அது வந்ததும் உண்டு என்பதால் மருந்துதான் காரணம் என்று முடிவுகட்ட முடியவில்லை. ஆனாலும் அமெரிக்க மருந்து நிர்வாகம் பெட்டிக்குள் கட்டம் கட்டிய எச்சரிக்கையோடு, தனிக் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ்தான் 2014இல் அனுமதித்தது. ரத்த அணுக்களில் குறைபாடோ நிணநீர்க் கட்டியோ இருப்பவர் தொடங்கும்முன் முழுச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

நடைமுறையில் அதைவிட அடிக்கடி கவனிக்க வேண்டியவை இரண்டு. இன்சுலினும் போடுகிறவர் லெப்டினைத் தொடங்கியதும் சர்க்கரை திடீரென்று தாழலாம், அதனால் இன்சுலினைக் குறைக்க முன்கூட்டியே திட்டம் வேண்டும். அடுத்தது, ஊசியைச் சட்டென்று நிறுத்துவது. ட்ரைகிளிசரைடு சரசரவென்று ஏறி, கணைய அழற்சியில் கொண்டு போய் விடும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, அந்த நாட்களில் உணவில் கொழுப்பை இன்னும் கட்டுப்படுத்துவதுதான் வழி. மருந்து தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி இல்லாத இடத்தில் இதைத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதியில் தீர்ந்துபோவது, தொடங்காமலே இருப்பதைவிட ஆபத்தாகலாம்.

இன்னொன்று பலரும் எதிர்பார்க்காதது. நின்றுபோன மாதவிலக்கு லெப்டினால் திரும்பலாம், கரு தங்கும் வாய்ப்பும் கூடவே திரும்பும். "எனக்குத்தான் வராதே" என்று இருந்த பெண் கருத்தடை பற்றிப் பேச வேண்டியிருக்கும், அதுவும் ஈஸ்ட்ரோஜன் இல்லாத முறையாக.

அப்படியானால் யாருக்கு எது

உடம்பு முழுக்கக் கொழுப்பில்லாதவருக்கு, பிறவியோ பின்னாளோ, என் பதிலில் தயக்கம் இல்லை: லெப்டினைக் கடைசி மருந்தாக வைக்காதீர்கள். ஒவ்வொரு மாத்திரையாகப் பல ஆண்டுகள் பார்த்து, கல்லீரல் தழும்பேறிய பிறகு ஊசிக்கு வருவது காலத்தை வீணாக்குவது. உணவோடு சேர்த்து இதுவே முதன்மைச் சிகிச்சை என்றுதான் நெறிமுறையும் சொல்கிறது. பின்னாளில் வந்தவருக்கு மட்டும் லிம்ஃபோமா பற்றிய பேச்சு முதலில் முடிய வேண்டும்.

பகுதி வகையில் கதை மாறுகிறது. இங்கே லெப்டின் கொஞ்சமாவது சுரக்கும். சிலருக்குச் சாதாரண அளவிலேயே இருக்கும். இருப்பதன் மேலேயே இன்னும் ஊற்றுவதால் கிடைக்கும் பலன் சுமார். அமெரிக்காவில் பகுதி வகைக்கு மெட்ரலெப்டினுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் 2018இல் கிடைத்த அனுமதி, 12 வயது முதல், வழக்கமான சிகிச்சைகள் தோற்ற பிறகு என்ற நிபந்தனையோடு. முழு வகைக்கு அங்கே 2 வயதிலிருந்தே தரலாம். ஜப்பான் அதற்கும் முன்பே, 2013இல் அனுமதித்துவிட்டது. ஆக, பகுதி வகை உள்ளவர் முதலில் செய்ய வேண்டியது பழைய மருந்துகளை ஒழுங்காக, முழு அளவில், உணவோடு சேர்த்து எடுத்துப் பார்ப்பது. அதன் பிறகும் எச்பிஏ1சியோ ட்ரைகிளிசரைடோ மிகவும் மோசமாக இருந்து, ரத்தத்தில் லெப்டினும் மிகக் குறைவாக இருந்தால் ஊசியைப் பற்றிப் பேசலாம். பாரக்கர்-சைமன்ஸ் வகையில் ரத்தச் சோதனைகள் நன்றாக இருந்தால் லெப்டினுக்கு அங்கே வேலையே இல்லை.

லெப்டின் ஊசி கரைந்த கொழுப்பை மீட்டுத் தராது. கன்னம் நிரம்பாது, கால் உருளாது. கண்ணாடியில் தெரிவது மாறும் என்று நம்பித் தொடங்குபவர் மனமுடைந்து, ஆறு மாதத்தில் ஊசியைத் தூக்கிப் போட்டுவிடுவார். அதன் விளைவு என்ன என்பதை மேலே பார்த்தோம்.

எச்.ஐ.வி. மருந்தால் வந்தது என்றால்

இங்கே குற்றவாளி பெரும்பாலும் ஸ்டாவுடினும் ஸிடோவுடினும். கன்னமும் கை கால்களும் ஒட்டி, சிலருக்கு வயிற்றுக்குள்ளும் பிடரியிலும் கொழுப்பு சேரும். உலகச் சுகாதார நிறுவனம் 2009இலேயே ஸ்டாவுடினைக் கைவிடச் சொன்னது. இன்னும் பழைய மருந்தில் இருப்பவருக்கு முதல் வழி, மருத்துவரோடு பேசி வேறு மருந்துக்கு மாறுவது. ஒருநாளும் தானாக நிறுத்துவது அல்ல. மாறினால் கரைவது நிற்கும், கை கால் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். முழுவதும் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வயிற்றுக் கொழுப்பு மட்டும் தொல்லையாக இருந்தால் டெசாமொரலின் என்ற தினசரி ஊசி அமெரிக்காவில் 2010 முதல் உண்டு. நிறுத்தினால் வயிறு பழையபடி ஆகிவிடும், சர்க்கரையையும் ஏற்றக்கூடும். ஒட்டிய கன்னத்துக்கு அது ஒன்றும் செய்யாது.

முகம்

முகத்தைப் பற்றிக் கேட்க மக்கள் கூச்சப்படுகிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லாததைக் கேட்கிறோமே என்று. கேளுங்கள். ஒட்டிய கன்னம் வெளியே போகவிடாமல், வேலை தேட விடாமல், மருந்து சாப்பிடுவதையே வெறுக்க வைக்கும் என்றால் அதுவும் சிகிச்சைக்கு உரியதுதான்.

இரண்டு வழி. பாலிலாக்டிக் அமில ஊசி, எச்.ஐ.வி.யால் ஒட்டிய கன்னத்துக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது உடனே நிரப்பாது. சில வாரங்கள் இடைவெளியில் பல முறை போட, உடம்பே கொலாஜனை வளர்த்து மெல்ல மேடிடும். பலன் சுமார் இரண்டு ஆண்டு நிற்கலாம், பிறகு மீண்டும். கால்சியம் சேர்ந்த இன்னொரு நிரப்பி 2006இல் வந்தது, அது உடனே தெரியும். மற்ற வழி, சொந்தக் கொழுப்பை எடுத்து முகத்தில் வைப்பது. அதற்கு எடுக்கக் கொழுப்பு இருக்க வேண்டுமே! பாரக்கர்-சைமன்ஸ் வகையினருக்குத் தொடையிலும் இடுப்பிலும் இருக்கிறது, ஆகவே அவர்களுக்குப் பொருந்தும். முழு வகையினருக்கு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வைத்த கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும். பிடரித் திமிலிலிருந்து எடுத்து வைத்தால் பின்னாளில் எடை கூடும்போது கன்னம் அளவுக்கு மீறி உப்பவும் செய்யலாம். என்றென்றும் கரையாத நிரப்பிகளை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முகம் மாறிக்கொண்டே இருக்கும் நோயில் மாறாத ஒன்றை உள்ளே வைப்பது பின்னால் சிரமம்.

வீட்டில் மற்றவர்கள்

டன்னிகன் வகை உள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பருவம் வரும்வரை வெளியில் தெரியாது என்பதால், மரபணுச் சோதனையை இப்போதே செய்வதா, காத்திருப்பதா என்று வீட்டில் வாதம் நடக்கும். கொழுப்பு கரைவதைத் தடுக்க இன்று மருந்து இல்லை, அப்புறம் எதற்குத் தெரிந்துகொள்வது என்பது ஒரு பக்கம். இருந்தாலும் நான் தெரிந்துகொள்ளும் பக்கம்தான். பதினொரு வயதுப் பெண்ணுக்குக் கால் தசை திரள்வதைப் பார்த்து ஓட்டப்பந்தயத்துக்கு ஏற்ற உடம்பு என்று வீடே மகிழ்ந்துகொண்டிருக்கும்போது, ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, கல்லீரல், இதயம் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். குழந்தை வளர்ந்த பிறகு மாதவிலக்குக்காக ஒரு மாத்திரையை யாராவது எழுதித் தந்தால், வாங்கும் முன் அதில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதா என்று கேட்கவும் தெரிந்திருக்கும்.